அவரவர் நம்பிக்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல மதத்தவரும் எந்த மதத்தையும் சாராதவர்களும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கிறோம், ஒரே மாடிப்படியில் ஏறி இறங்குகிறோம், சில குடும்பங்களில் ஒரே கூரையின் கீழேயே வாழ்கிறோம். அப்படி வாழும்போது நண்பர்களும் உடன் வேலை செய்பவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் நீதிமன்றத் தீர்ப்புகள் அடிக்கடி வரும். நமக்குள் கோபமும் வருத்தமுமாக முடிந்துபோகும் இதே சச்சரவுகளை, இரு தரப்பையும் உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்ட இடங்கள் அவை.

தனிப்பட்ட மத நம்பிக்கை என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒருவர் தன் மனசாட்சியில் உண்மை என்று கொண்டிருப்பதைச் சொல்கிறேன். அது பிறந்த வீட்டில் கிடைத்ததாக இருக்கலாம், தேடிப்போய் ஏற்றதாக இருக்கலாம், கடவுள் இல்லை என்ற முடிவாகவும் இருக்கலாம். 1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்ற உலக மனித உரிமைகள் பிரகடனத்தின் 18-ஆம் பிரிவு, சிந்தனை, மனசாட்சி, மதம் மூன்றையும் சேர்த்தே ஒரே உரிமையாகச் சொல்கிறது. 1993-இல் ஐ.நா. மனித உரிமைக் குழு இதுபற்றி ஒரு விளக்கம் அளித்தது. கடவுளை நம்புவது, கடவுளை மையமாகக் கொள்ளாத நம்பிக்கை, இறைமறுப்பு, எதையும் நம்பாமல் இருப்பது எல்லாமே இந்தப் பாதுகாப்புக்குள் வரும் என்றது அந்த விளக்கம். ஆகவே கீழே 'நம்பிக்கை' என்று வரும் இடமெல்லாம் நம்பாதவர்களையும் சேர்த்துப் படியுங்கள்.

ஒரு நம்பிக்கையை மதிப்பது என்றால் அதை ஒப்புக்கொள்வதா?

இல்லை. உங்கள் நண்பர் நம்புவது தவறு என்று நீங்கள் நூறு சதவீதம் உறுதியாக இருக்கலாம். அவரும் உங்களைப் பற்றி அப்படியே நினைக்கலாம். அந்த நண்பர் சிந்தித்து, உணர்ந்து, தன் வாழ்க்கையை வைத்து அந்த இடத்துக்கு வந்திருக்கிறார், அதைப் பறிக்கவோ அதற்காக அவரைத் தண்டிக்கவோ எனக்கு உரிமை இல்லை என்று ஏற்பதுதான் மதிப்பு. இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. எல்லா மதமும் ஒன்றுதான் என்று சொல்லிச் சமாதானம் செய்ய முயல்கிறவர்கள் நல்ல மனத்தோடு செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் தன் வழி வேறு என்று ஆழமாக நம்புகிறவருக்கு அந்தச் சொல் ஆறுதலாக இருப்பதில்லை. தான் சொன்னதை யாரும் கேட்கவில்லை என்றுதான் அவருக்குத் தோன்றுகிறது.

சகித்துக்கொள்வதும் மதிப்பதும் ஒன்றுதானே?

'சகிப்பு' என்ற சொல்லைக் கேட்டாலே வலியைப் பொறுத்துக்கொள்வது நினைவுக்கு வருகிறது. பொறுத்துக்கொள்பவர் மேலே இருக்கிறார், பொறுக்கப்படுபவர் கீழே இருக்கிறார். பொறுமை தீர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறு பதில் வைத்திருக்கிறது.

பிரான்சில் கத்தோலிக்கருக்கும் சீர்திருத்தக் கிறிஸ்தவர்களான யூகனாட்டுகளுக்கும் இடையே பல பத்தாண்டுகள் போர் நடந்தது. 1598-இல் நான்காம் ஹென்றி மன்னர் நான்ட் நகரில் ஓர் ஆணை பிறப்பித்து, யூகனாட்டுகள் குறிப்பிட்ட இடங்களில் வழிபடலாம் என்றார். அது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அரசர் கொடுத்த அனுமதி அது. 87 ஆண்டுகள் கழித்து, 1685-இல், அவருடைய பேரன் பதினான்காம் லூயி அதை ரத்து செய்தார். வழிபாட்டு இடங்கள் இடிக்கப்பட்டன, பெருந்திரளான மக்கள் நாட்டை விட்டு ஓடினார்கள். கொடுத்தவர் கையே திரும்ப எடுத்துக்கொண்டது.

இதற்கு எதிரான ஒரு காட்சி 1790-இல் நடந்தது. அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் ரோட் ஐலண்டின் நியூபோர்ட் நகருக்கு வந்தபோது, அங்கிருந்த சிறிய யூத சமூகம் அவருக்கு வரவேற்பு மடல் கொடுத்தது. அவர் எழுதிய பதிலில் ஒரு கருத்து என்னை இன்றும் நிறுத்திவைக்கிறது. ஒரு பிரிவு மக்களின் தயவால் இன்னொரு பிரிவு தன் இயல்பான உரிமையை அனுபவிப்பது போலச் 'சகிப்பு' பற்றிப் பேசும் காலம் முடிந்துவிட்டது என்றார் அவர். அந்த நாட்டில் அப்போது அடிமை முறை இருந்தது, அவரே அடிமைகளை வைத்திருந்தார் என்பதும் உண்மை. அந்த உண்மையால் அவர் தொட்ட வித்தியாசம் பொய்யாகிவிடவில்லை. ஒருவர் தன் நம்பிக்கையோடு வாழ்வதற்கு என் அனுமதி தேவையில்லை.

சகிப்பாவது இருக்கிறதே என்று சொல்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். வன்முறை நடக்கும் இடத்தில் சகிப்பு வந்தாலே உயிர்கள் பிழைக்கும், அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். அங்கேயே நின்றுவிடக் கூடாது என்கிறேன்.

ஒருவருடைய மதம் தெரிந்தால் அவர் நம்பிக்கை என்ன என்று தெரிந்துவிடாதா?

இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். தெரியாது.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஒரு தொழிலாளி எஃகுத் தகடு செய்யும் பிரிவில் வேலை பார்த்தார். அவர் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். அவர் வேலை பார்த்த தொழிற்பிரிவு மூடப்பட்டு, ராணுவ டாங்கிகளுக்கான உதிரிப்பாகம் செய்யும் பிரிவுக்கு அவரை மாற்றினார்கள். போருக்கான ஆயுதத்தைச் செய்ய என் மனசாட்சி இடம் கொடுக்காது என்று வேலையை விட்டார். வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகை அவருக்கு மறுக்கப்பட்டது. மறுத்தவர்கள் கையில் வலுவான வாதம் ஒன்று இருந்தது. அதே தொழிற்சாலையில், அதே மதப்பிரிவைச் சேர்ந்த இன்னொருவர் அந்த வேலையை எந்த உறுத்தலும் இல்லாமல் செய்துகொண்டிருந்தார். அப்படியானால் இவருடையது மத நம்பிக்கையே இல்லை, சொந்த விருப்பம் என்றார்கள். 1981-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரு மதத்தவர் எல்லோரும் ஒரே மாதிரி நம்பினால்தான் பாதுகாப்பு என்று எங்கும் இல்லை, இருவரில் யார் வேதத்தைச் சரியாகப் புரிந்துகொண்டார் என்று தீர்ப்பது எங்கள் வேலையும் இல்லை என்றது.

கனடாவில் 2004-இல் இதே திசையில் ஒரு தீர்ப்பு வந்தது. மாண்ட்ரியாலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் சில யூதர்கள், சுக்கோத் திருநாளின்போது தங்கள் பால்கனியில் சிறு பந்தல் அமைக்க விரும்பினார்கள். தோட்டத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று போட்டுக்கொள்ளுங்கள் என்றது குடியிருப்பு நிர்வாகம். ஒவ்வொருவரும் தனித்தனியாக அமைப்பது மதக் கடமையா என்பதில் யூத மதகுருக்களான ரபிகளிடையேயே கருத்து வேறுபாடு இருந்தது. நீதிமன்றம் அந்த விவாதத்துக்குள் போகவில்லை. இவர் உண்மையாகவே நம்புகிறாரா என்பது மட்டும்தான் கேள்வி என்றது. ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நால்வர் மறுபக்கம். எளிதான முடிவாக இருக்கவில்லை.

எதிர்த் திசையில் போகும் வழியும் உண்டு. இந்திய உச்ச நீதிமன்றம் 1954 முதல், ஒரு வழக்கம் அந்த மதத்துக்கு இன்றியமையாத பகுதியா என்று பார்க்கும் முறையை வளர்த்தெடுத்தது. மதத்தின் பெயரால் எதை வேண்டுமானாலும் நியாயப்படுத்திவிடாமல் தடுக்க அது உதவுகிறது என்பார்கள். அந்தக் கவலை எனக்கும் புரிகிறது. ஆனால் அந்த வழியில் நீதிபதி சமய அறிஞராக வேண்டியிருக்கிறது, நம்புகிறவர் தன் மதத்தின் மாதிரிப் பிரதியாக வேண்டியிருக்கிறது. நம்மில் யாரும் மாதிரிப் பிரதி இல்லை.

சில வருடங்களுக்கு முன் உடன் பணிபுரிந்த ஒருவருக்கு, பெயரை வைத்தே அவர் மதத்தை முடிவு செய்து பண்டிகை வாழ்த்து அனுப்பினேன். நன்றி என்று மட்டும் பதில் வந்தது. அந்த மதத்திலிருந்து அவர் விலகிப் பல காலம் ஆகிறது, அதனால் வீட்டாரோடு பேச்சே நின்றுபோயிருக்கிறது என்று பிறகு ஒருநாள் அவரே சொன்னார். என் வாழ்த்து எங்கே போய்ப் பட்டிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது.

அப்படியானால் நேரடியாகவே "நீங்கள் எந்த மதம்?" என்று கேட்டுவிடலாமா?

எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வாடகைக்கு வீடு கேட்டு வந்தவரிடமோ வேலைக்கு நேர்காணலில் உட்கார்ந்திருப்பவரிடமோ கேட்கவே கூடாது, பதிலில் அவருடைய பிழைப்பு தொங்குகிறது. நட்பு வளர்ந்தபின் ஆர்வத்தோடு கேட்பது வேறு. அப்போதும் எந்த மதம் என்று கேட்பதைவிட, உங்களுக்கு எது முக்கியம், நான் எதைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டால் உண்மையான பதில் கிடைக்கும். சொல்ல விருப்பமில்லை என்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

பணியிடத்தில் ஒருவருடைய வழிபாட்டுக்காக நேரத்தை மாற்றிக் கொடுத்தால் மற்றவர்களுக்கு அது அநீதி ஆகாதா?

ஆகலாம். அதனால்தான் சுமை எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாளாகக் கடைப்பிடித்த ஓர் அமெரிக்க அஞ்சல் ஊழியரின் வழக்கு 2023-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அதுவரை, 1977-இல் வந்த ஒரு தீர்ப்பின் வாசகத்தைப் பிடித்துக்கொண்டு, சிறு செலவு ஏற்பட்டாலே போதும், முதலாளி மறுத்துவிடலாம் என்று கீழ் நீதிமன்றங்கள் சொல்லிவந்தன. நீதிபதிகள் எல்லோரும் ஒருமனதாக அதைத் திருத்தினார்கள். அந்தத் தொழிலின் அளவோடு ஒப்பிட்டால் கணிசமான கூடுதல் செலவு வரும் என்று காட்டினால்தான் மறுக்க முடியும். உடன் வேலை செய்பவர்களுக்கு அந்த மதம் பிடிக்கவில்லை என்பதைச் சுமையாகக் கணக்கில் சேர்க்கவே கூடாது என்றும் சொன்னார்கள்.

அந்தக் கடைசிப் பகுதி நம் அலுவலகங்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். "எல்லோருக்கும் கஷ்டம்" என்று சொல்லப்படுவதைப் பிரித்துப் பாருங்கள். மூன்று பேர் தொடர்ந்து இரவுப் பணி பார்க்க வேண்டியிருக்கிறது என்றால் அது நிஜமான கஷ்டம், முறை மாற்றியோ வேறு விதத்திலோ தீர்க்க வேண்டும். "அவருக்கு மட்டும் என்ன சலுகை" என்ற புழுக்கம் வேறு. பொது விடுமுறைப் பட்டியலே பெரும்பாலும் அந்தந்த நாட்டுப் பெரும்பான்மையின் பண்டிகைகளை ஒட்டித்தான் அமைந்திருக்கிறது. பெரும்பான்மையாக இருப்பவர்கள் விடுப்பு கேட்க வேண்டிய அவசியமே வருவதில்லை. கேட்க வேண்டியிருப்பவர் எல்லோர் கண்ணிலும் பட்டுவிடுகிறார்.

விதியை ஒருவருக்காகத் தளர்த்தினால் விதிக்கு என்ன மதிப்பு?

விதி எதற்காக வந்ததோ அதைக் காப்பாற்ற முடிகிறதா என்று பாருங்கள். பிரிட்டனில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயமானபோது, தலைப்பாகை அணியும் சீக்கியர்களுக்கு 1976-இல் தனிச் சட்டம் இயற்றி விலக்கு அளித்தார்கள். ஆபத்தை அவர் தன்மீதே ஏற்றுக்கொள்கிறார் என்பது அங்கே முக்கியமாக இருந்தது. ஆபத்து பிறர்மீது விழும் என்றால் கணக்கு மாறும்.

எல்லோரும் சேர்ந்து செய்யும் ஒரு சடங்கில் ஒருவர் மட்டும் ஒதுங்கி நின்றால்?

நிற்கட்டும். இதற்காகக் குழந்தைகள் பட்ட பாட்டைத் தெரிந்துகொண்டால் நாம் கொஞ்சம் இளகுவோம் என்று நம்புகிறேன்.

யெகோவாவின் சாட்சிகள் கொடிக்கு வணக்கம் செலுத்துவதை உருவ வணக்கமாகக் கருதுகிறார்கள். 1940-இல், பள்ளிப் பிள்ளைகளைக் கொடிவணக்கம் செய்யும்படி கட்டாயப்படுத்தலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து நாட்டின் பல இடங்களில் அந்த மதத்தவர்கள் தாக்கப்பட்டார்கள், அவர்களுடைய பிள்ளைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். மூன்றே ஆண்டுகளில், 1943-இல், உலகப் போர் உச்சத்தில் இருந்தபோது, அதே நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மாற்றியது. எது சரியான நம்பிக்கை என்று எந்த அதிகாரியும் விதிக்க முடியாது, வாயால் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது என்றது. நாட்டுப்பற்று கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் அப்படிச் சொல்லத் துணிவு வேண்டும்.

கேரளத்தில் அதே பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதம் ஒலிக்கும்போது எழுந்து மரியாதையாக நின்றார்கள், பாட மட்டும் மாட்டார்கள். 1985-இல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அவர்களுடைய நம்பிக்கை நமக்கு விசித்திரமாகத் தோன்றலாம், ஆனால் அது உண்மையாக, மனசாட்சியோடு கொண்ட நம்பிக்கையா என்பதுதான் கேள்வி என்று நீதிபதிகள் எழுதினார்கள். எழுந்து நின்றதே மரியாதை என்பதையும் கவனித்தார்கள். பாடாத வாயைப் பார்த்த பள்ளி, எழுந்து நின்ற கால்களைப் பார்க்கத் தவறிவிட்டது.

நான் கடவுளை நம்பாதவர். பிரார்த்தனை நடக்கும் இடத்தில் என்ன செய்வது?

அமைதியாக நில்லுங்கள் அல்லது உட்காருங்கள். நம்பாத சொற்களை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, சொல்லாததற்குக் காரணமும் சொல்ல வேண்டியதில்லை. துக்க வீடென்றால் உங்கள் வருகையே போதும். அழைத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை: கூடியிருப்பவர்கள் எல்லோரும் நம்புகிறவர்கள் என்று வைத்துக்கொண்டு வற்புறுத்தாதீர்கள். விலகி நிற்பவர் உங்களை அவமதிக்கவில்லை.

மதத்தை விமர்சிக்கவே கூடாதா?

தாராளமாக விமர்சிக்கலாம். மதங்களுக்குள்ளேயே சீர்திருத்தம் விமர்சனத்தால்தான் வந்திருக்கிறது. நம்பிக்கைகளுக்குப் புண்படாமல் இருக்கும் உரிமை என்று சட்டத்தில் ஒன்று இருக்கக் கூடாது என்றே நான் நினைக்கிறேன், ஏனென்றால் ஒருவருடைய வேதமே இன்னொருவருக்கு நிந்தனையாக இருக்கிறது. 2011-இல் ஐ.நா. மனித உரிமைக் குழுவும், தெய்வ நிந்தனையைத் தண்டிக்கும் சட்டங்கள் குடியியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையோடு பொருந்தாது என்று கூறியது. பகைமையையும் வன்முறையையும் தூண்டும் பேச்சுக்கு மட்டும் விதிவிலக்கு. அயர்லாந்து மக்கள் 2018-இல் வாக்களித்துத் தங்கள் அரசியலமைப்பிலிருந்தே நிந்தனைக் குற்றத்தை நீக்கினார்கள். ஆதரவாக விழுந்தவை சுமார் 65 சதவீத வாக்குகள்.

சட்டம் அனுமதிப்பதால் எதையும் எப்படியும் சொல்லிவிடலாம் என்று ஆகிவிடாது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகர் தன் பன்னிரண்டாம் பாறைக் கல்வெட்டில் எல்லாச் சமயத்தாரையும் பார்த்துப் பேசுகிறார். நாவடக்கம் வேண்டும், காரணமில்லாமல் தன் சமயத்தைப் புகழ்வதும் பிறர் சமயத்தை இகழ்வதும் வேண்டாம், அப்படிச் செய்பவர் தன் சமயத்துக்கே பெரிய தீங்கு செய்கிறார், ஒருவர் கொள்கையை மற்றவர் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்கிறார். பேசாதே என்று அவர் கட்டளையிடவில்லை. காரணமும் இடமும் அறிந்து பேசு என்கிறார்.

நான் எனக்கு வைத்துக்கொண்ட அளவுகோலைச் சொல்கிறேன். ஒரு கொள்கையை விமர்சிக்கும்போது அதை நம்பும் ஒருவர் எதிரே உட்கார்ந்திருப்பதாக எண்ணிக்கொள்வேன். அவர் "நான் அப்படி நம்பவே இல்லையே" என்று சொல்லக்கூடிய வாக்கியத்தை எடுத்துவிடுவேன். எஞ்சுவதை எவ்வளவு கடுமையானாலும் சொல்வேன்.

மீம், நகைச்சுவை?

அதிகாரத்தில் இருப்பவரின் பாசாங்கைக் கிண்டல் செய்வது வேறு, வகுப்பில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு மாணவியின் உடையைக் கிண்டல் செய்வது வேறு. குடும்பக் குழுவில் வருவதை முன்னனுப்பும் முன், அது யாரோ ஒரு சமூகத்தையே குற்றவாளியாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால் அதை அழித்துவிடுங்கள். சிரிப்பு என்ற பெயரில் வந்தாலும் அது வெறுப்புதான்.

என் மதத்தைப் பிறருக்கு எடுத்துச் சொல்வது அவமதிப்பா?

சொல்வது அவமதிப்பு ஆகாது. யாரிடம், எந்த நிலையில் சொல்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கிரேக்க நாட்டில் மதமாற்ற முயற்சி ஒரு குற்றம். அங்கே ஒரு முதியவர் ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போய்த் தன் நம்பிக்கை பற்றிப் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டார். அதற்கு முன்பே 60 முறைக்கு மேல் கைதானவர் அவர். 1993-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து அதே நாட்டிலிருந்து இன்னொரு வழக்கு வந்தது. விமானப்படை அதிகாரிகள் சிலர் தங்கள் மதத்தைப் பரப்பியிருந்தார்கள். பொதுமக்களிடம் பேசியதற்காக அவர்களைத் தண்டித்தது தவறு என்ற நீதிமன்றம், தங்களுக்குக் கீழே பணியாற்றிய வீரர்களிடம் பேசியதற்காகத் தண்டித்தது சரி என்றது. மேலதிகாரி பேச்சைத் தொடங்கினால் எழுந்து போகக் கீழே இருப்பவருக்கு வழி ஏது?

ஆகவே, நோயாளியின் படுக்கை அருகில், கடன்பட்டவரிடம், உங்களிடம் சம்பளம் வாங்குபவரிடம், பிறர் பிள்ளையிடம் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். "வேண்டாம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போகக்கூடிய நிலையில் இருப்பவரிடம் சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால் மறுபடி சொல்லாதீர்கள்.

வீட்டில் ஒருவர் மதம் மாறிவிட்டார் அல்லது மதத்தையே விட்டுவிட்டார். எப்படி ஏற்பது?

எனக்கு வரும் கேள்விகளில் மிகுந்த வலியோடு வருவது இதுதான். பெற்றவர்களுக்கு இது இழப்பு. பரம்பரையாக வந்த ஒன்று தன்னோடு முடிகிறதே என்ற துயரம் பொய்யில்லை, அதை அற்பம் என்று தள்ளக் கூடாது. மாறியவருக்கோ இது பல இரவுகள் தனியாகப் போராடி எடுத்த முடிவாக இருக்கும்.

1948 பிரகடனம் எழுதப்பட்டபோதும் இந்த இடத்தில்தான் முட்டிக்கொண்டார்கள். மதத்தை 'மாற்றிக்கொள்ளும் சுதந்திரம்' என்ற சொற்களைச் சவூதி அரேபியா எதிர்த்தது. பாகிஸ்தானின் வெளியுறவு அமைச்சர் முகமது ஜஃப்ருல்லா கான் அவற்றை ஆதரித்துப் பேசினார். இரண்டும் ஒரே மதத்தைச் சொல்லிக்கொண்ட நாடுகள். சொற்கள் நிலைத்தன. 48 நாடுகள் ஆதரித்தன, எதிர்த்து யாரும் வாக்களிக்கவில்லை, சவூதி உட்பட 8 நாடுகள் விலகி நின்றன. 1966-இல் ஏற்கப்பட்ட குடியியல், அரசியல் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையில் அதே கருத்து 'தான் விரும்பும் மதத்தைக் கொண்டிருக்க அல்லது ஏற்க' என்று மென்மையாக்கப்பட்டது.

வீட்டுக்குள் என்ன செய்யலாம்? முதலில், யார் மயக்கினார்கள் என்ற விசாரணையை நிறுத்துங்கள். அந்தக் கேள்வி வளர்ந்த ஒருவருக்கு அறிவே இல்லை என்று சொல்வது போன்றது. காரணத்தைக் கேட்க விரும்பினால் பதில் முடியும்வரை குறுக்கிடாமல் கேளுங்கள். உங்கள் வருத்தத்தை வருத்தமாகவே சொல்லுங்கள், சாபமாகச் சொல்லாதீர்கள். சொத்து, சாப்பாடு, திருமணம், தாத்தா பாட்டியைப் பார்க்க வருவது எதையும் பணயம் வைக்காதீர்கள். மாறியவருக்கும் இதையே சொல்வேன்: புதிய வழியின் உற்சாகத்தில் அம்மா கும்பிடுவதை அம்மா எதிரிலேயே பழிக்காதீர்கள். உங்களுக்கு வேண்டிய இடத்தை அவருக்கும் விடுங்கள்.

பிள்ளைகளின் நம்பிக்கையைப் பெற்றோர் தீர்மானிக்கலாமா?

வழிகாட்டலாம். 1989-இல் ஏற்கப்பட்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவு குழந்தைக்கே மனசாட்சிச் சுதந்திரத்தைத் தருகிறது. பெற்றோர் வழிகாட்டும்போது, பிள்ளையின் வளர்ந்துவரும் திறனுக்கேற்ப அதைச் செய்ய வேண்டும் என்கிறது. ஐந்து வயதில் கைபிடித்து அழைத்துப் போவதும் பதினாறு வயதில் இழுத்துப் போவதும் ஒன்றாகாது.

மதிப்புக்கு எல்லை எங்கே?

மனதுக்குள் இருப்பதற்கு எல்லையே இல்லை. செயலாக வெளியே வரும்போதுதான் பிறர் பாதுகாப்பு, உடல்நலம், பிறரின் அடிப்படை உரிமைகள் என்ற வரம்புகள் வருகின்றன. 1966 உடன்படிக்கையும் இப்படித்தான் பிரிக்கிறது. நடைமுறையில் அது எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு ஒரே நாளில், ஒரே தீர்ப்பில் வந்த இரண்டு சிலுவைகளைப் பார்க்கலாம். 2013-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், விமான நிலையத்தில் பயணிகளைப் பதிவு செய்யும் ஊழியர் கழுத்தில் சிறு சிலுவை தெரியும்படி அணிவதைத் தடுத்தது தவறு என்றது. நிறுவனத்தின் தோற்றம் என்ற காரணம் போதவில்லை. அதேபோலச் சிலுவை அணிந்த ஒரு செவிலியர் தோற்றார். நோயாளி சங்கிலியைப் பிடித்து இழுக்கலாம், காயத்தில் படலாம் என்ற மருத்துவமனையின் காரணத்தை நீதிமன்றம் ஏற்றது.

ஆம், இல்லை என்ற இரண்டு பதில்களுக்கு நடுவே பல நேரங்களில் வழி இருக்கும். சீக்கிய மாணவர் ஒருவர் பள்ளிக்குக் கிர்பான் என்ற சமயக் குறுவாளை அணிந்து வரலாமா என்ற வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் 2006-இல், உறையில் இட்டு, தடித்த துணியில் சுற்றித் தைத்து, ஆடைக்குள் அணியலாம் என்ற ஏற்பாட்டைச் சரி என்றது. அந்த மாணவரும் இதற்கு ஒப்புக்கொண்டிருந்தார்.

உயிர் சம்பந்தப்பட்டால்? யெகோவாவின் சாட்சிகள் ரத்தம் ஏற்றிக்கொள்வதில்லை. தெளிவான மனநிலையில் உள்ள வயதுவந்த ஒருவர் அப்படி மறுத்தால், மருத்துவருக்கு எவ்வளவு வேதனையாக இருந்தாலும், அந்த உடல் அவருடையது. குழந்தைக்கு வேண்டும் என்றால் பல நாடுகளில் நீதிமன்றங்கள் தலையிட்டுச் சிகிச்சைக்கு அனுமதி தருகின்றன. பெற்றோர் தாங்களே தியாகிகளாகலாம், பிள்ளைகளைத் தியாகிகளாக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1944-இல் வேறொரு வழக்கில் சொன்ன கருத்துதான் இதற்கும் அடிப்படை.

பெண்களை ஒடுக்கும் வழக்கத்தையும் மத நம்பிக்கை என்று மதிக்க வேண்டுமா?

வேண்டாம். வேறொருவரின் உடல்மீதும் வாழ்க்கைமீதும் அதிகாரம் செலுத்துவதை யாரும் தன் தனிப்பட்ட நம்பிக்கை என்று சொல்ல முடியாது. ஆனால் எது ஒடுக்குமுறை என்று அந்தப் பெண்ணைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். 1979 புரட்சிக்குப் பின் ஈரான் தலையை மூடச் சட்டம் போட்டது. 2004-இல் பிரான்ஸ் அரசுப் பள்ளிகளில் பளிச்சென்று தெரியும் மத அடையாளங்களைத் தடை செய்தது. இரண்டின் தண்டனையும் நோக்கமும் வேறு வேறு, சமமாக்கிப் பேசமாட்டேன். இரண்டிலும் விருப்பமில்லாத ஒரு பெண் இருக்கிறாள், அவளிடம் யாரும் கேட்கவில்லை.

தெரியாமல் புண்படுத்திவிட்டேன். என்ன செய்வது?

சுருக்கமாக மன்னிப்புக் கேளுங்கள். "உங்களைப் புண்படுத்தியிருந்தால்" என்று தொடங்காதீர்கள், புண்பட்டதால்தான் அவர் சொல்கிறார். உங்கள் நல்ல எண்ணத்தை நீளமாக விளக்கி, கடைசியில் அவரே உங்களைத் தேற்றும்படி செய்துவிடாதீர்கள். அடுத்த முறை திருத்திக்கொண்டது தெரிந்தால் போதும். நான் வாழ்த்து அனுப்பிய அந்த நண்பரிடமும் அப்படித்தான் செய்தேன். அவருக்கு எந்த நாள் பிடிக்கும் என்று கேட்டேன். தன் பிறந்தநாள் என்றார். அன்றைக்கு மட்டும் வாழ்த்து அனுப்புகிறேன்.